பதினாலாவது படி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், அங்கே நீ சுகம்தானே? தினம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருப்பாள், இது அவளுக்குத் தெரியாத சங்கதி.

உன் தம்பி மகளுக்கு, அதான் நம் வாண்டுக்கு, ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. நேற்று பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா, நீ கம்ப்யூட்டரில் செய்து அனுப்பிய படத்தை எனக்கும் காட்டினார். இதயத்தில் ஒரு பக்கம் வளராமலே பிறந்த பிள்ளை, உடம்பின் கீழ்ப்பாதியிலிருந்து வரும் ரத்தத்தை நேரே நுரையீரலுக்கு அனுப்ப ஒரு குழாய் வைத்தாக வேண்டும், எங்கே வைத்தால் எப்படி ஓடும் என்று கத்தி வைப்பதற்கு முன்பே நீ ஓடவிட்டுப் பார்த்திருக்கிறாய். முதலில் நினைத்த இடத்தில் வைத்தால் பிள்ளை படுத்திருக்கும்வரை ரத்தம் சமர்த்தாகப் போகிறது, மூச்சு வாங்க ஏறினால் சேருமிடத்தில் சுழித்துக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் தள்ளி வைத்ததும், அம்மாடி, இரண்டு நுரையீரலுக்கும் அழகாகப் பிரிந்து போகிறது! "ஸ்கேன்ல தூங்கிட்டிருந்த பிள்ளைக்குத்தான் நாங்க பாத்தோம் சார், உங்க பொண்ணு ஓடுற பிள்ளைக்குப் பாத்தாங்க" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, கூடவே சுருக்கென்று தைக்கவும் செய்தது.

அதற்காகத்தானே ஆபரேஷனுக்கு முன்னால் அவளை மாடிப்படி ஏறவிட்டு எண்ணி அனுப்பச் சொன்னாய். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராகத் தலை எண்ணியவன், ஒரு தலை தப்பினதில்லை, அப்படிப்பட்ட நான் உனக்கு இருபத்திரண்டு படி என்று எழுதினேன். பதினாலாவது படியிலேயே உதடு நீலம் பாரித்து உட்கார்ந்துவிட்டாள். மிச்ச எட்டையும் நான்தான் தூக்கிக்கொண்டு ஏறினேன். பேத்தியால் முடியவில்லை என்று எழுத மனசு வரவில்லை, வேறென்ன, மடத்தனம். விரலில் மாட்டிய கருவி காட்டிய துடிப்பையும் இரண்டு படிக்கு ஒருமுறை குறித்து அனுப்பினேன் பார், அதில் மாட்டிக்கொண்டேன். மறுநாளே கூப்பிட்டு, குரலைக்கூட உயர்த்தாமல், "அப்பா, பதினாலுக்கு மேல துடிப்பு இறங்குதே, தூக்கிட்டீங்களா?" என்றாய். ஆமாம் என்றேன். "சரி விடுங்க, பதினாலுன்னே போட்டுக்கறேன்" என்றதோடு சரி, இன்றுவரை யாரிடமும் நீ மூச்சு விடவில்லை. என் பொய்யை நம்பியிருந்தால் அந்தக் குழாய் எங்கே உட்கார்ந்திருக்குமோ. இத்தனை கெட்டிக்காரியை, இத்தனை பொறுமைக்காரியை நான் பெற்றேன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது தாயே.

உன் கண்ணும் கையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும், நீ தொட்ட பிள்ளைகள் எல்லாம் ஓடி விளையாடட்டும். திரையைப் பார்த்தபடியே சாப்பிடாதே, முதுகை நிமிர்த்தி உட்கார். அம்மாவிடம் உளறிவிடாதே.

டாக்டரம்மா சரி என்றதால் இன்று காலை மறுபடி ஏறவிட்டேன். இருபதாவது படிக்குக் கால் வைக்காமல் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் முறைத்தாள், உட்கார்ந்தாள், பிறகு மிச்ச மூன்றையும் தானே ஏறினாள். உதடு சிவப்பாகவே இருந்தது. ஆனாலும் நீ பத்தொன்பது என்றே எழுதிக்கொள்.

உன்
அப்பா