எடை மேடையில் நம் பெண்

என்னங்க,

நாங்கள் நலம். இந்த முறை ஒப்புக்கு எழுதவில்லை, நிஜமாகவே நலம்.

இன்று எங்கள் சுகாதாரக் குழு கல்லூரிப் பெண்களுக்கு உயரம், எடை, கைச்சுற்றளவு எல்லாம் எடுத்தது. வரிசையில் நம் மகளும் நின்றாள். போன முறை, சாப்பிடாமல் இளைத்ததை மறைத்து எடை கூடுதலாகத் தெரிய வேண்டும் என்று, விடுதி அறைப் பூட்டைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு ஏறினாளே! அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் பட்டதை எழுதப் போவதில்லை.

இன்று நான் கேட்பதற்கு முன்பே இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினாள். "நல்லா பாத்துக்கோம்மா, பூட்டு கதவுலதான் தொங்குது."

பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எடை ஏறியிருந்தது. என் கண்ணையே நம்பாமல் இறக்கி, மறுபடியும் ஏற்றினேன். முள் அதே இடத்தில்தான் நின்றது. புஜத்தில் நாடாவைச் சுற்றினேன். போன முறை முட்டிய கோட்டுக்கு நாடா இன்று எட்டவில்லை; கை அவ்வளவு பருத்திருக்கிறது. நாடாவை எடுக்க மனமில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"போதும், விடும்மா. எனக்குப் பசிக்குது" என்று கையை உருவிக்கொண்டு ஓடினாள்.

பசிக்கிறதாம். கேட்டீர்களா?

உங்களவள்