சௌகரியமாக வைத்துக்கொள்வோம்

1934 மார்ச் 6
வெயில் தாங்கவில்லை. டாக்டர் பெல்டன் துரை இங்கிலீஷில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்லும் இந்த வேலைக்கு வந்து இன்றோடு ஐந்து வருஷம். நாமக்கல் பக்கத்து ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் நானும் என் மனைவி சகாயம்மாளும். சேலத்துச் சொந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

தீராத நோயைப் பற்றி இந்த வெள்ளைக்காரர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே! சாவு என்ற சொல்லே வாயில் வராது. ‘எதிர்பார்க்கக்கூடிய அளவுக்கு நன்றாக இருக்கிறார்’ என்பார் துரை. எதை எதிர்பார்த்து என்று யாரும் கேட்கக் கூடாது.

மார்ச் 9
பரமத்தி வேலூர் காளியண்ணன், வெற்றிலைக் கொடிக்கால்காரர். வயிற்றில் கட்டி, அறுக்க முடியாது. துரை அவர் மனைவி முத்தாயம்மாளிடம், ‘நோயோடு வீரமாகப் போராடுகிறார்’ என்றார். அப்படியே சொன்னேன்.

“ஆரோடங்க சண்டை? தண்ணிச் சொம்பத் தூக்கவே அவருக்குத் தெம்பில்லீங்களே.”

என்ன சொல்கிறாள் என்று துரை கேட்டார். நன்றி சொல்கிறாள் என்றேன்.

‘அவரைச் சௌகரியமாக வைத்துக்கொள்வோம்’ என்றார் அடுத்தபடியாக. அதையும் சொன்னேன். அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பப் பொழைச்சுக்குவாருங்களா, சாமி?” துரை அடுத்த கட்டிலுக்குப் போயாயிற்று. நான் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தேன்.

மார்ச் 17
காளியண்ணன் காலையில் போய்விட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே. வெளியில் உயிர் போன உடம்பை அவர்கள் ஊரில் வாசற்படி ஏற்றுவதில்லை. ஊர் எல்லையில் கிடத்தி அங்கிருந்தே எடுத்துவிடுவார்களாம். தான் கட்டிய வீட்டுக்குள் அந்த மனிதர் இனிப் போக முடியாது.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பனுங்களே. சௌகரியமா வெச்சுக்கறோம்னீங்களே சாமி!”

துரை சொன்னார் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தலையாட்டலைத் துரையா ஆட்டச் சொன்னார்? வெட்கமாக இருக்கிறது.

‘அமைதி அடைந்துவிட்டார்’ என்றார் துரை. அதை நான் தமிழில் சொல்லவில்லை.

ஏப்ரல் 2
இனி என் அகராதியே வேறு. சாப்பிடும்போது சகாயத்திடம் ஒப்பித்துக் காட்டினேன். ‘வீரமாகப் போராடுகிறார்’ என்றால் மாசம் தாங்காது. ‘இயற்கை தன் வழியில் போகட்டும்’ என்றால் மருந்தில்லை. ‘சௌகரியமாக வைத்துக்கொள்வோம்’ என்றால் — வண்டிக்குச் சொல்லுங்க.

“தொரைக்குத் தெரிஞ்சா வேலை போயிருமுங்க” என்றாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

ஜூன் 21
இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. துரைக்கு உண்மையிலேயே வருத்தம். ‘நான் ஆறுதல் சொன்ன மறுநாளே ஏன் எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள், அமிர்தசாமி?’

மூடநம்பிக்கை, சார் என்றேன்.

ஆகஸ்டு 12
இருமல் விடவில்லை.

செப்டம்பர் 3
கைக்குட்டையில் சிவப்பு. சகாயம் பார்த்துவிட்டாள். வெற்றிலை என்றேன். நான் வெற்றிலை போடுகிறவனே இல்லை.

செப்டம்பர் 28
துரை என் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். வெகுநேரம். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, ‘நீ தைரியசாலி, அமிர்தசாமி. உன்னைச் சௌகரியமாக வைத்துக்கொள்வோம்’ என்றார்.

தாங்க்யூ சார் என்றேன். வேறென்ன சொல்ல?

பயமாக இருக்கிறது. நாற்பத்தொரு வயசுதானே ஆகிறது எனக்கு? மனுஷன் மூஞ்சியப் பாத்துச் சொல்லித் தொலைச்சா என்ன? — நாளைக்குச் சகாயத்திடம் நான் எப்படிச் சொல்லப்போகிறேன்? அவளிடமாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 29
அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “தொரை என்னங்க சொன்னாரு?”

காலையிலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ. “ஒண்ணுமில்லை. ஓய்வெடுக்கச் சொன்னாரு. சௌகரியமா வெச்சுக்குவாங்களாம்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“வண்டிக்குச் சொல்லட்டுங்களா?”

அக்டோபர் 14
சேலம். கோயில் மணி இங்கே படுத்தபடியே கேட்கிறது. வந்த அன்றே சகாயம் வீடு முழுக்க வெள்ளையடிக்க ஆள் வைத்துவிட்டாள்.

துரையிடமிருந்து கடிதம் வந்தது. நான் வீரமாகப் போராடுவேன் என்று அவருக்கு நம்பிக்கையாம். என்ன எழுதியிருக்கிறார் என்று சகாயம் கேட்கவில்லை. கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள்.