நடு ஆற்றில் இறங்கியவர்

மே 14, புதன்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஒரு பிரதிகூட எடுக்க முடியவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரன் சும்மா உட்கார்ந்தால் நல்ல நினைப்பா வரும்? அந்த விளையாட்டுக் கம்பெனிக்காரன் நினைப்புதான் வருகிறது.

இரண்டு நாளாகியும் ஆறவில்லை. திங்கட்கிழமை சித்ரா பௌர்ணமி. வழக்கம்போல ஆறரைக்குள் சாப்பிட்டு முடித்து, ஏழு மணிக்குப் போனில் ‘இரட்டைப் படகு’ விளையாட்டைத் திறந்தேன். மகள் சுருதி ஏற்கெனவே படகில் இருந்தாள். விளக்கை மூன்று முறை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். துடுப்பு போட ஆரம்பித்தோம். பாதி தூரத்தில் சிக்னல் போனது. இரண்டு நொடி இருக்குமா? திரும்பி வந்து பார்த்தால் படகு கவிழ்ந்து கிடக்கிறது. சிவப்பில் எழுத்து: ‘உங்கள் துணையை நடு ஆற்றில் விட்டு இறங்கிவிட்டீர்கள். இது இரண்டாவது முறை.’

அவள் போனில் என்ன வந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ‘உங்கள் துணை நடு ஆற்றில் இறங்கிச் சென்றுவிட்டார்.’

நான் இறங்கவில்லை. யாரிடம் போய் இதைச் சொல்வது?

மே 15, வியாழன்

மகளிடமே சொல்லலாமே என்று என் மனசே கேட்கிறது. போன் இருக்கிறது. நம்பர் இருக்கிறது. பதினாலு மாதமாகப் பேசவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் மார்ச்சில் கோயம்புத்தூரில் கூட வேலை செய்கிற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, படம் அனுப்பினாள். நம் சமண சமூகம் இல்லை. கறி சாப்பிடுகிற குடும்பம். “இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே” என்றேன். அவளும் ஏறவில்லை. என் மகள்தானே, ரோஷம் எங்கே போகும்.

ஆனால் அன்றைக்கு மறுநாள் ஏழு மணிக்கு, ஏதோ கை பழக்கத்தில் படகைத் திறந்தேன். அவள் இருந்தாள். விளக்கை ஆட்டினாள். இந்த விளையாட்டில் பேச வழியில்லை, விளக்கு மட்டும்தான். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அன்றிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. மனைவி மருதேவிக்கு இது தெரியாது. அவளிடம் “அவ பேச்சை எடுக்காதே” என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

விளையாட்டின் சட்டம் கொடுமையானது. நாங்கள் குறித்துக்கொடுத்த நேரம் ஏழிலிருந்து எட்டு. அதற்குள் ஏறாவிட்டாலும் இறங்கிய மாதிரிதான். யார் முதலில் இறங்குகிறாரோ அவர்மேல் ஒரு குறி, மற்றவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேருமே ஏறாவிட்டால் இரண்டு பேர்மேலும் குறி. மூன்று குறி விழுந்தால் ஜோடி அறுந்துவிடும். அதே இரண்டு பேர் மறுபடி சேரவே முடியாது. ஊரடங்கு சமயத்தில் அவள் என் போனில் ஏற்றிக் கொடுத்த படகு இது.

சுருதிமேல் ஒரு குறிகூட இல்லை. என்மேல் இரண்டு.

மே 21, புதன்

மார்ச் வரைக்கும் இந்தத் தொல்லை இல்லை. சிக்னல் போய் வந்தால் படகிலேயே உட்கார்த்திவைக்கும். மார்ச்சில் என்னவோ புதுசாக மாற்றினார்கள், அதிலிருந்து இறக்கிவிடுகிறது. புகார் எழுதினேன். பதில்: ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. எங்கள் குழு ஆய்வு செய்து வருகிறது.’ ஏப்ரலில் எழுதியதற்கும் இதே பதில்தான், ஒரு எழுத்து மாறவில்லை. என் கடையில் ஒரிஜினலை வைத்து நான் எடுத்துக் கொடுப்பதுபோல எடுத்துக் கொடுக்கிறான்.

மே 22, வியாழன்

மே 30-க்குள் திருத்தம் வந்துவிடும் என்று அறிவித்திருக்கிறார்கள். பார்ப்போம்.

மே 30, வெள்ளி

வரவில்லை.

மே 31, சனி

‘தாங்கள் சொன்ன கோளாறு எங்கள் பரிசோதனையில் நிகழவில்லை. எப்போது நிகழ்கிறது என்று தெரிவிக்கவும்.’

எப்போதா? எழுதினேன்: ‘ஒவ்வொரு பௌர்ணமிக்கும் நிகழ்கிறது. மற்ற நாளில் இல்லை.’ அவர்களுடைய பொதுப் புகார்ப் பக்கத்திலும் அதையே போட்டேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

ஜூன் 1, ஞாயிறு

பார்த்தார்கள்! நாற்பது பேர் சிரித்திருக்கிறார்கள். ‘அமாவாசைக்கு எப்படி ஐயா?’ ‘போனுக்கு எலுமிச்சம்பழம் கட்டுங்க.’ ‘படகுக்கு என்ன ராசி?’ கம்பெனிக்காரன் புகாரையே ‘நகைச்சுவை’ என்று ஒதுக்கி மூடிவிட்டான்.

உடம்பெல்லாம் எரிகிறது. எவ்வளவு முட்டாள் நான். எங்கள் ஊரில் பௌர்ணமி என்பது ஒரு தேதி. லாட்ஜ், பஸ், போலீஸ், பூக்கடை எல்லாம் அந்தத் தேதியில்தான் ஓடுகிறது. பல லட்சம் பேர் மலையைச் சுற்ற வந்தால் டவர் எப்படித் தாங்கும்? அதை அவனுக்கு விளக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. வெளியூர்க்காரனுக்குப் பௌர்ணமி என்றால் ஜோசியம்.

திரும்ப விளக்கி எழுதப் பார்த்தேன். மூடிய புகாரில் எழுத முடியாதாம்.

ஜூன் 4, புதன்

அடுத்த பௌர்ணமி 10-ஆம் தேதி. ஆறு நாள்.

கடைக்கு வருகிற இணையக் கம்பி இருந்தால் இந்தக் கவலையே இல்லை. வடிகால் தோண்டியவர்கள் ஏப்ரலில் அறுத்துப் போட்டார்கள். “நாளைக்கு வந்துடறோம் சார்” என்று இணையக் கம்பிக்காரன் தினமும் சொல்கிறான். இவனும் அந்த விளையாட்டுக் கம்பெனிக்காரனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள்.

இன்று சுருதி விளக்கை மூன்று முறை ஆட்டாமல் ஒரே ஒரு முறை ஆட்டினாள். ஏன்? கோபமா? இரண்டு தடவை நடு ஆற்றில் விட்டுப் போனவனுக்கு ஒன்று போதும் என்றா? இல்லை, கை சோர்வா? இதையெல்லாம் யோசித்துக்கொண்டு ஐம்பத்தாறு வயதில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

ஜூன் 7, சனி

பக்கத்துக் கடை வாசலில் ஆட்டோ நிறுத்துகிற அர்ஜுனனிடம் கேட்டேன். விஷயத்தைச் சொல்லவில்லை, பௌர்ணமியன்று அவசரமாக ஒரு போன் பேச வேண்டும் என்றேன்.

“டவுன்ல நின்னா வேலைக்கே ஆவாதுண்ணா. எங்க ஆளுங்க சவாரிக்கே ஒருத்தருக்கொருத்தர் பேச முடியாது. போளூர் ரோட்டுல பதினஞ்சு இருபது கிலோமீட்டர் போயிடு. அங்க கூட்டம் கம்மி, ஃபுல்லா இருக்கும்.”

வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வைத்தேன்.

ஜூன் 9, திங்கள்

கம்பெனியில் சத்தமே இல்லை. மருதேவியிடம், நாளைக்குச் சாயங்காலம் போளூரில் ஒரு வேலை என்றேன். “பௌர்ணமி அன்னிக்கா? கடைக்கு ஜாஸ்தி ஆள் வர்ற நாளாச்சே?” என்றாள். முறைத்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

இப்போது ஒன்பதே முக்கால். எழுதியே ஆக வேண்டும்.

ஐந்தரைக்கே சாப்பிட்டுக் கிளம்பினேன். தெருமுனையிலேயே தடுப்பு. போலீஸ்காரர் “வண்டி இந்தப் பக்கம் போவாது பெரியவரே, சுத்திப் போங்க” என்றார். சுற்றினேன். அங்கும் தடுப்பு. ஊரே உள்ளே வருகிறது, நான் ஒருத்தன் வெளியே போகிறேன். ஆறே காலுக்குத்தான் போளூர் சாலையைப் பிடித்தேன். ஆறு ஐம்பதுக்கு ஒரு மூடிய உரக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். சிக்னல் ஃபுல். வாய்விட்டுச் சிரித்தேன்.

ஏழு மணி. ஏறினேன். அவள் இருந்தாள். விளக்கை மூன்று முறை ஆட்டினேன். அவளும் மூன்று முறை. அப்பாடா என்றிருந்தது.

பத்துத் துடுப்பு போட்டிருப்போம். படகு ஆடியது. கவிழ்ந்தது. என் சிக்னலைப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது.

‘உங்கள் துணை நடு ஆற்றில் இறங்கிச் சென்றுவிட்டார்.’

அவளாகவே இறங்கிப் போய்விட்டாள்.

எட்டு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்ப ஏறவில்லை. இந்த வரியை அவள் இரண்டு தடவை படித்திருக்கிறாள். ஒரு தடவையே எனக்குத் தாங்கவில்லை. போதும்னு முடிவு பண்ணிட்டாளா? பதினாலு மாசம் ஒரு வார்த்தை பேசாத அப்பன்கிட்ட இத்தனை நாள் விளக்கு ஆட்டினதே ஜாஸ்திதான். பண்ணட்டும். எனக்கு வேணும். இது எனக்கு வேணும்.

ஜூன் 11, புதன்

காலையில் காப்பியை எதிரில் வைத்துவிட்டு மருதேவி நகரவில்லை.

“நேத்து எங்க போனீங்க?”

“போளூர்னு சொன்னேனே.”

“அந்தப் படகை ஓட்டவா?”

தூக்கிவாரிப் போட்டது. “உனக்கெப்படித் தெரியும்?”

“சுருதி தினம் என்னாண்ட பேசுவா. இன்னிக்கு அப்பா விளக்கு காட்டினாரும்மான்னு சொல்லாத நாளே இல்ல. நீங்க அவ பேச்சை எடுக்காதேன்னீங்க, நான் எடுக்கல. இப்ப அவளே சொல்லச் சொன்னா. அந்தக் கம்பெனிப் புகார்ப் பக்கத்தை ஒருவாட்டி பாருங்களாம்.”

பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம் ஏழு இருபதுக்குப் போட்டது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

‘மே 31 அன்று வந்த ஒரு புகாரைக் கேலி செய்து மூடினீர்கள். அதை எழுதியவர் என் துணை. அவர் ஊர் திருவண்ணாமலை. பௌர்ணமியன்று அங்கே பல லட்சம் பேர் வருவார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கும். சிக்னல் விட்டுவிட்டு வரும். ஏப்ரல் 12, மே 12, இரண்டும் பௌர்ணமி. வேறு எந்த நாளும் அவர் தவறியதில்லை. இன்றும் பௌர்ணமி. மூன்றாவது குறி அவர்மேல் விழக்கூடாது என்று நானே முதலில் இறங்கிவிட்டேன். அவர் ஒருநாளும் என்னை விட்டு இறங்கவில்லை. கோளாறு உங்களுடையது.’

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். ஒருநாளும் இறங்கவில்லையாம். படியேறாதே என்று சொன்ன வாய் இது. அதை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மருதேவி போனை அழுத்தி என் காதில் வைத்தாள்.

“அம்மா, பாத்தாரா?”

“நேத்து எனக்கு சிக்னல் நல்லாத்தாம்மா இருந்துச்சு,” என்றேன். “போளூர் ரோடு வரைக்கும் போயிருந்தேன்.”

“அய்யோ அப்பா” என்று சிரித்தாள். அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஏழு மணிக்குப் படகு. எட்டு மணிக்குப் போன். இன்று அந்தப் பையன் வாங்கி “வணக்கம் மாமா” என்றான். “ம்” என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

கோளாறு சரியாகிவிட்டதாம்! நான்கு மாதம் கழித்து. அறிவிப்பில் பதினேழாவது வரி: ‘சில பகுதிகளில் இருந்த சிறு சிக்கல் நீக்கப்பட்டது.’ சிறு சிக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டேன். பழைய குறிகள் அப்படியே இருக்குமாம், எடுக்க மாட்டார்களாம்.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி.

சுருதியும் அவள் வீட்டுக்காரரும் வருகிற ஐந்து மணி பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். போன் போகவில்லை. எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று தெரியாமல் கூட்டத்தை எதிர்த்து நடந்தேன். ஏழேகாலுக்குக் கண்டுபிடித்தேன். சுருதி இளைத்திருக்கிறாள். இரண்டு பையையும் அவர்தான் தூக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. எங்கள் வீட்டில் பொழுது போனபின் இலை போட்டதில்லை. மருதேவி என் முகத்தைப் பார்த்தாள். “போடு” என்றேன்.

சுருதி போனை எடுத்துக் காட்டினாள். “அப்பா, மணி எட்டாயிடுச்சு. இன்னிக்கு ரெண்டு பேருமே ஏறல. எனக்கு ரெண்டாவது. உங்களுக்கு—”

“மூணாவது. தெரியும்மா. ஆவட்டும் விடு.”

மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். எழுந்துபோய் நானே ஊற்றினேன்.