படகில் எல்லோரும் கையால் பேசுவோம்

நர்மதாவுக்கு,

புது ஆசிரியர்களுக்கு நீ எடுக்கும் பயிற்சி வகுப்புக்கு வந்து, உன் தம்பி வெற்றியைப் பள்ளியை விட்டு அனுப்பிய கதையைச் சொல்லச் சொன்னாய். வர மாட்டேன்.

"பின்னால நின்னு கூப்டா திரும்பிக்கூடப் பாக்கல. திமிரு புட்ச்சவன், இட்டுகினு போ நைனா" என்றார் அந்த வாத்தியார். அவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

விசைப்படகில் இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. எல்லோரும் கையால்தான் பேசுவோம். லீவு நாளில் என்னோடு வரும் வெற்றி, என் விரல் அசைந்ததுமே கயிற்றை இழுப்பான். வீட்டில் எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பதில் சொல்வான். அவனுக்குக் காது கேட்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை. "வாத்தியார் கூப்டா காதுல வுழலயாடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது.

நீயே அவர்களிடம் சொல். ஒரு பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்பதற்கு முன், அவனுக்குக் கேட்கிறதா என்று பார்க்கட்டும். அந்த வாத்தியாரும் நானும், இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இப்போது கல்மண்டபம் மார்க்கெட்டில் என்னைக் கண்டால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் பார்க்காவிட்டால் நான் எப்படிப் பேசுவேன்?

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருவான் அல்லவா? என் கையை ஒரே ஒரு தரம் பார்க்கச் சொல்.

உன் அப்பா