வார்டின் இரைச்சல்

பிப்ரவரி 9

என் அன்புக் குச்சிக்கு,

உன் கம்பெனி மின்னஞ்சலை உன்னோடு சேர்த்து இன்னும் இரண்டு பேர் படிக்கிறார்கள் என்று நீதானே சொன்னாய்? அதனால்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள். உன் அம்மாவுக்கு மூச்சிழுப்பு குறைந்ததா? என்னைக் கேட்டார்களா, இல்லை மறந்தே போனார்களா?

விஷயத்துக்கு வருகிறேன். மூச்சுத் திணறலைக் காதால் கேட்டுச் சொல்ல நாம் சேர்ந்து செய்த கருவி இருக்கிறதே, அதிலுள்ள நம் சிப் மூச்சைக் கேட்கவே இல்லையடி. நோயாளிகளின் மூச்சை எங்கள் பல்கலைக்கழகம் ஆஸ்பத்திரி வார்டில் பதிவு செய்தது. நன்றாக இருப்பவர்களின் மூச்சை நீங்கள் கம்பெனியின் ஒலிப்பதிவு அறையில் எடுத்தீர்கள். அசல் பதிவை ஒருவருக்கொருவர் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அவரவர் பங்கை அவரவரே அந்தச் சிப்புக்கு ஊட்டினோம். இரண்டையும் சேர்த்துக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

போன வாரம், மின்விசிறிகளும் இயந்திரங்களும் மட்டும் ஓடிக்கொண்டிருந்த காலி வார்டைக் கேட்க வைத்தேன். ஆளே இல்லாத கட்டிலுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. அமைதியான தனியறையில் திணறிக்கொண்டிருந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். பச்சை. அது கற்றுக்கொண்டது வார்டின் இரைச்சலை மட்டும்தான். இரைச்சல் இருந்தால் நோயாளி, இல்லாவிட்டால் சுகம்.

இதைப் பற்றி ஆய்வுப் பத்திரிகையில் வந்த நம் கட்டுரையைத் திரும்பப் பெறுவோம். கருவி விற்பனைக்கு வருவதை எப்படியாவது நிறுத்து.

உன்
டீச்சரம்மா


பிப்ரவரி 17

அன்புள்ள டீச்சரம்மா,

நொட்டை சொல்லாமல் உனக்கு ஒரு நாள் போகாதா? கல்லூரியில் என் புடவைக் கொசுவத்தைக்கூட நீ விட்டுவைத்ததில்லை.

மேலதிகாரியிடம் சொன்னேன். சிரித்தார். காலேஜ்காரர்களுக்குச் சந்தேகப்படுவதுதான் சம்பளமே என்றார். விற்பனைக்கு வந்த பிறகு திருத்திக்கொள்ளலாமாம். என் குழு முழுவதும் இதை நம்பித்தான் இருக்கிறது, கொஞ்சம் யோசித்துப் பார்.

ஒரு நல்ல செய்தி. வீட்டில் அம்மா கட்டிலருகே நம் கருவி ஒன்றை மாட்டியிருக்கிறேன். விடிய விடிய பச்சை. நானும் தங்கையும் முறை போட்டு விழித்திருந்ததை நிறுத்திவிட்டோம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அடித்துப்போட்டது போலத் தூங்குகிறேன். அதைக் கெடுக்காதே.

அன்புடன்
குச்சி


பிப்ரவரி 20

குச்சி,

எத்தனை தடவை போன் செய்தேன்! கட் செய்துவிடுகிறாய். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், பிரித்தாவது பார்.

அம்மா அறையில் என்ன சத்தம் இருக்கிறது? ஒன்றுமில்லை. அங்கே அது பச்சைதான் காட்டும். அவர்கள் மூச்சு நின்றாலும் பச்சைதான் காட்டும். என்னைத் திட்டு, என் முகத்திலேயே முழிக்காதே, ஆனால் இன்றைக்கே அதைக் கழற்றி எறி. மறுபடி முறை போட்டு விழித்திருங்கள். ஆள் போதாவிட்டால் நான் வருகிறேன், மூன்றாவது ஆளாக உட்காருகிறேன். உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேனடி.

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். அதற்காக நீ கோபப்படுவாய், தெரியும்.

டீச்சரம்மா


மார்ச் 6

டீச்சரம்மாவுக்கு,

அம்மா போய்விட்டார்கள்.

காலையில் மாத்திரை கொடுக்கப் போன தங்கைதான் பார்த்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. தங்கை அழக்கூட இல்லை. "அக்கா, அப்ப இது ராத்திரியெல்லாம் என்னத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

உன் கடிதம் இருபத்தொன்றாம் தேதியே, அம்மா போவதற்கு முந்தின நாளே வந்துவிட்டது. படித்தேன். உனக்குப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டே தூங்கப் போனேன்.

துக்கம் கேட்க மேலதிகாரி வந்தார். அம்மாவுக்குத் திடீரென்று இதயம் நின்றுவிட்டது, மூச்சில் கோளாறு இல்லை, கருவி சரியாகத்தான் வேலை செய்தது என்று எழுதித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. நீ பத்திரிகைக்கு எழுதியதற்கும் மறுப்பு அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் கருவி விற்பனைக்கு வருகிறது.

நீ காறித் துப்புவாய். துப்பு. ஆனால் ஒன்றை மட்டும் புரிந்துகொள். நீ சொன்னது சரியென்றால் அம்மாவைக் கொன்றது நான். அப்படி நினைத்துக்கொண்டு தங்கையோடு ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியாது. அதனால் நீ சொன்னது தப்பு. தப்பாகத்தான் இருக்க வேண்டும்.

இனி எனக்கு எழுதாதே. வந்தால் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு
ஆய்வுப் பிரிவுத் தலைவி