முன்வாசலால் போன வேட்டி

அன்புள்ள சுகந்திக்கு,

நீரும் அம்மாவும் சுகமா? அம்மாவின் இருமல் குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை.

ஒரு புதினம் சொல்கிறேன், யோசியாதேயும். தைப்பொங்கலன்று இங்கே லண்டனில் வெம்பிளிக் கோயிலுக்குப் போய்விட்டு வேட்டியோடேயே வேலைக்குப் போனேன். உடுப்பு மாற்ற அங்கே அறை இருக்கிறது. ஆனால் எங்கள் விருந்து மண்டபத்து சூப்பர்வைசர் நவநீதன் அண்ணை, நம்மவர்தான், வாசலிலேயே மறித்தார். "வெள்ளைக்காரர் சிரிக்கப் போறாங்கள். பின்வாசலாலை வா" என்றார். குப்பைத் தொட்டிகளுக்கு நடுவால் போனேன்.

நேற்று அதே மண்டபத்தில் ஸ்கொட்லாந்துக்காரரின் விழா. நூறு ஆண்கள், முழங்கால் தெரியக் கட்டம் போட்ட கில்ட் பாவாடை உடுத்து, ரயிலில் வந்திறங்கி முன்வாசலால் நிமிர்ந்து நுழைந்தார்கள். நவநீதன் அண்ணை குனிந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கிட்டப் போய்க் கேட்டேன்: "அண்ணை, இவையையும் பின்வாசலாலை வரச் சொல்லட்டோ?"

அவர் அடுத்து வந்தவருக்குக் கதவைத் திறக்கத் திரும்பிவிட்டார். இன்று நான் வேட்டியோடு முன்வாசலால்தான் போனேன். அடுத்த கிழமை எனக்கு இரண்டு ஷிப்டைக் குறைத்துவிட்டார். குறைக்கட்டும். இனியும் அப்படித்தான் போவேன். கால் விறைக்காது, உள்ளே தடித்த காலுறை போடுகிறேன்.

பஸ் தரிப்பிலிருந்துதான் எழுதுகிறேன், பஸ் வருகிறது. ஒன்றே ஒன்று: மாசியில் இங்கே வரும் உம்முடைய சித்தப்பாவிடம் இரண்டு வேட்டி கொடுத்துவிடும். நாலு முழமே போதும். எட்டு முழத்தைத் தோய்த்து மடிக்க, மறுமுனையைப் பிடிக்க இங்கே ஆளில்லை.

உம்முடைய,
கமலரூபன்