முதலில் பேக்கப், பிறகுதான் சேர்வர்

சேர், இன்று காலை புது சேர்வர்ப் பெட்டிகள் வந்து இறங்கின. அட்டையைக் கிழித்ததும், சாமான் அடிபடாமல் வைக்கிற அந்த வெள்ளை ரெஜிபோம் மணம் அறை முழுக்கப் பரவியது. அந்த மணத்தோடு உங்கள் முகமும் வந்தது. நாம் இருவரும் கடைசியாக ஒன்றாக அதை முகர்ந்தது பெட்ரோல் வரிசை கண்டி வாவியைச் சுற்றி வளைந்து நின்ற வருஷம். காலி காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்துவிட்டுச் சனம் ரோட்டோரம் குந்தியிருந்த வருஷம். மெழுகுதிரி வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்த வருஷம். எனக்கு வருஷத்தின் இலக்கத்தை எழுதத் தெரியாது. ஆனால் அந்த வருஷத்தை எந்த நேரம் கேட்டாலும் சொல்வேன். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். சொல் அவளுடையதாக இருக்கலாம், ஞாபகம் என்னுடையது.

நீங்கள் மடவளையிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியின் கணினிப் பகுதிக்குப் பொறுப்பாக வந்தீர்கள். நான் நோயாளிகளைத் தள்ளுநாற்காலியில் வைத்துத் தள்ளுகிறவன். எனக்கும் உங்களுக்கும் சம்பந்தம் வந்தது என் வீடு கடுகண்ணாவையில் இருந்ததால்தான். அன்றன்றைய பேக்கப் டிஸ்க்கை மாலையில் கொண்டுபோய் அங்கிருக்கிற நமது கிளை ஆஸ்பத்திரி அலுமாரியில் வைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். "அண்ணே, இந்தக் கட்டிடமே எரிஞ்சாலும் இது எரியப்படாது" என்றீர்கள். சோற்றுப் பையில் வைத்தா கொண்டுபோவது என்று கேட்டேன். "சோத்துப் பையத்தான் பஸ்ல ஒருத்தனும் களவெடுக்க மாட்டான்" என்று சிரித்தீர்கள்.

அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்பதையும் நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள். சேர்வர் என்ற ஒரே பெட்டிக்குள் உடம்பில்லாத பல கணினிகள் ஓடுகின்றன. இரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, எக்ஸ்ரேக்கு ஒன்று, சிறுநீரகப் பகுதிக்கு ஒன்று. பேக்கப் மென்பொருள் உள்ளே போய் அவற்றைப் படித்துப் பிரதி எடுத்து வைக்கிறது. அது படிக்கிற மொழியில் சேர்வர் பேச வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதை விளங்கிக்கொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

அந்த வருஷம் சேர்வரைப் புது வேர்ஷனுக்கு ஏற்ற வேண்டும் என்று கம்பனிக்காரர் கொழும்பிலிருந்து வந்தார். முந்தின நாள் முழுக்க வரிசையில் நின்று பெட்ரோல் அடித்துக்கொண்டு வந்தவர். கையோடு வேலையை முடித்துவிட்டுப் போகத் துடித்தார். பெரிய டொக்டருக்கும் அதே அவசரம்.

"ஐசே, பாவம், அந்தாள் எவ்வளவு கஷ்டப்பட்டு வந்திருக்கு. இண்டைக்கு விட்டா இனி எப்ப வருமோ" என்றார் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தாலும் மெதுவாகத்தான் பேசுவார்.

"செய்வம் டொக்டர். ஆனா முதல்ல பேக்கப்ப மாத்தணும். அதுட புது வேர்ஷனுக்கு டொலர் கட்டணும், பேங்க்ல டொலர் இல்ல. அது வர முந்தி சேர்வர்ல கைவெக்க ஏலாது" என்றீர்கள்.

கம்பனிக்காரர் விடவில்லை. "பழைய பேக்கப்பே ஓடும் சேர். வேற எடத்திலயும் போட்டிருக்கேன். எல்லாம் பச்சை காட்டுது."

"பச்சை எங்கட வீட்டு ரைஸ் குக்கரும் காட்டுது. சில நாள் சோறு வேகல்ல."

தள்ளுநாற்காலியோடு வாசலில் நின்ற நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் டொக்டர் பக்கம் திரும்பினீர்கள். "நீங்க மருந்துத் துண்ட புதுசா ஒரு மாதிரி எழுதத் தொடங்கினா அது பார்மசிக்காரனுக்கு விளங்கணும். விளங்காட்டி, விளங்கல்லன்னு சொல்றவன் நல்லவன். விளங்கின மாதிரித் தலையாட்டிட்டு எதையோ கட்டிக் குடுத்தா?"

"என்ர எழுத்து எனக்கே விளங்கிறேல்லை" என்றார் டொக்டர். ஆனாலும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி, செய்து காட்டும்."

அப்போதுதான், சோதித்துப் பார்க்கவென்று நீங்கள் வாங்கி வைத்திருந்த ஒரு சின்ன சேர்வர்ப் பெட்டியைக் கிழித்தோம். நீங்கள் சொல்ல, கம்பனிக்காரரே அதில் புது வேர்ஷனைப் போட்டார். சிறுநீரகப் பகுதிக் கணினியின் பிரதி ஒன்றை அதற்குள் வைத்தார்கள். பழைய மென்பொருளால் ஒரு பேக்கப் எடுத்தார்கள். நேர்ஸ் மிஸ் வந்து அன்று காலை நிறுத்த எடைகளை அதில் பதிந்தார். பிறகு இன்னொரு பேக்கப். இரண்டு தடவையும் பச்சை. கம்பனிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் தெரியும்.

நீங்கள் அந்தப் பிரதியை அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்தீர்கள். கணினி எழும்பியது. மிஸ் யாரோ ஒருவரின் பெயரைத் தட்டப் போனார். நீங்கள் தடுத்தீர்கள்.

"பழைய ஆள் வாணாம் மிஸ். பழைய ஆள் எப்பவும் இருப்பார். இப்பக் கட்டில்ல படுத்திருக்கிற ஒருத்தர்ட பேரப் பாருங்க. அண்ணே, யாரு இருக்கிற?"

"கம்பளை மாணிக்கம்ங்க. இப்பதான் படுக்க வச்சிட்டு வந்தேன்" என்றேன்.

மாணிக்கம் இருந்தார். அவருடைய பழைய எடைகள் எல்லாம் இருந்தன. அன்று காலை நிறுத்த எடை மட்டும் இல்லை. பச்சை காட்டிய இரண்டாவது பேக்கப் அதை எடுக்கவேயில்லை. மிஸ் மேலே தேடினார், கீழே தேடினார். "நான் போட்டேனே சேர்" என்று அழுகிற குரலில் சொன்னார்.

பெரிய டொக்டர் எழுந்துவிட்டார். இரத்தம் சுத்தப்படுத்துகிற மெஷினில் எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்பது அந்த எடையை வைத்துத்தான். பிழையான எடையை நம்பி எடுத்தால் ஆள் கட்டிலிலேயே சாய்ந்துவிடுவார். இது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"தம்பி, நீர் சாப்பிட்டிட்டுப் போம்" என்றார் கம்பனிக்காரரிடம்.

அவர் பையை மூடிக்கொண்டே, "பழைய வேர்ஷன்ல ஓட்டை இருக்கு சேர், யாராவது உள்ளுக்கு வந்தா நாங்க பொறுப்பில்ல" என்றார். டொக்டர் உங்களைப் பார்த்தார். "ஏதும் நடந்தா நீர்தான் பொறுப்பு. விளங்குதோ?"

"நான்தான் டொக்டர்" என்றீர்கள். நீங்கள் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். உங்கள் வேலை அன்றிலிருந்து அந்தச் சோற்றுப் பையில்தான் தொங்கியது.

நடக்கத்தான் செய்தது, ஆனால் ஓட்டை வழியாக அல்ல. ஒரு நாள் முற்பகல் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது; தாங்கியில் டீசல் அடிமண்டிதான் மிச்சம். கரண்ட் திரும்பி வந்தபோது சிறுநீரகப் பகுதிக் கணினி எழும்பவில்லை. பக்கத்தில் பிரதிகளை வைத்திருந்த பேக்கப் பெட்டியும் செத்துக் கிடந்தது. அன்றைக்கு முறைக்காரர்கள் நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கம்பளை மாணிக்கம், அக்குறணை ஹாஜியார், ஹந்தானை ராசாத்தி, அப்புறம் நாவலப்பிட்டியிலிருந்து வருகிற ஓர் அம்மா. அவர் ஏறி வருகிற கோச்சி ஸ்டேஷனுக்குப் பிந்தி வந்தாலும் என்னைத்தான் ஏசுவார்.

பஸ் இல்லை. கோச்சியில் கடுகண்ணாவைக்குப் போய், முந்தின நாள் மாலை நான் வைத்த டிஸ்க்கை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் ஆஸ்பத்திரி கேட்டிலேயே நின்றீர்கள். இரண்டு கையாலும் வாங்கினீர்கள்.

பழைய சேர்வர், பழைய பேக்கப். ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்கியது. பிந்தின மத்தியானத்தில் கணினி எழும்பியது. மிஸ் ஒவ்வொரு பெயராகத் தட்டினார். எல்லோருடைய கடைசி எடையும் இருந்தது. "என்னா, கம்ப்யூட்டருக்கும் மயக்கமா? எங்களுக்குத்தான் மயக்கம்னு நெனச்சேன்" என்று அந்த நாவலப்பிட்டி அம்மா வாங்கிலிருந்து சத்தம் போட்டார். நீங்கள் சிரித்தீர்கள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள்.

டொலர் கிடைத்த பிறகு நீங்கள் சொன்ன வரிசையிலேயே நடந்தது. பேக்கப்பை ஏற்றிச் சில நாள் ஓடவிட்டு, திறந்து பார்த்து, அதன்பின்தான் சேர்வர். அந்தக் கம்பனிக்காரரே திரும்பி வந்து, "அண்ணே, கட்டில்ல யாரு?" என்று என்னைக் கேட்டார்.

உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு மடவளைக்கு வந்தேன். நல்ல மழை. பெரிய டொக்டரும் வந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி கடைசி வரை நின்றார். அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார்.

எனக்கு வயசாகிவிட்டது, இன்னும் வேலையில் வைத்திருக்கிறார்கள். உங்கள் கதிரையில் இப்போது ஒரு பிள்ளை இருக்கிறாள். பெட்டியைப் பிரித்ததும் நான் கேட்டேன்: "பேக்கப்புக்கு இது விளங்குமாம்மா?" "அதத்தான் போன கெழமையே மாத்திட்டேன் ஐயா. இப்ப திறந்து பாக்கப்போறேன்" என்றாள். எனக்கு அது போதும். பச்சையைக் கண்டு எழுந்து போகாத இந்தப் புத்தி உங்களிடமிருந்து வந்தது, சேர். அது எனக்குள்ளும் இருக்கிறது, இந்த அறைக்குள்ளும் இருக்கிறது.

"யார்ட பேரப் பாக்கிறது ஐயா?" என்று அவள் கேட்டாள்.

அன்று வாங்கில் இருந்தவர்களை மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். மாணிக்கம் போய்விட்டார். ஹாஜியார் நோன்பு மாதத்தில் போனார். ராசாத்தியின் பிரேதத்தைப் போன மழைக்காலம் எடுத்தார்கள். உள்ளே மூன்றாவது கட்டிலில், போர்வை போதவில்லை என்று மிஸ்ஸை ஏசுகிற சத்தம் கேட்டது.

"நாவலப்பிட்டி கமலாம்பாள்" என்றேன்.